எட்டுக்கு எட்டு போடாதீங்க, அம்மணி!

மலை ரயில் பெர்ன்ஹில் ஸ்டேஷனைத் தாண்டிக் கூவிக்கொண்டு போன நேரம், நான் ஒரு விமானத் தொழிற்சாலைக்குள் நுழைந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடித் தொழிற்சாலை! முன்பு விறகு அடுக்கிய தகரக் கொட்டகை. மூலையில் டயர் கடையிலிருந்து பழைய விலைக்கு வாங்கிய ஒரு ஏர் கம்ப்ரசர், நடுவில் ஒரு மேஜை, சுவரெல்லாம் சாக்பீஸில் எழுதிய நம்பர்கள். கம்பளிக் குல்லாவும் மூக்கு நுனியில் கண்ணாடியுமாக நிற்கிறார் தொழிற்சாலையின் ஒரே தொழிலாளி.

"விமானம் எங்கேங்ணா?"

"இதானுங்க அம்மணி."

அவர் காட்டியது முழங்கை நீளத்துக்கு இரண்டு அலுமினியத் தகடு. எனக்கு வந்த சிரிப்பை அடக்க, கையிலிருந்த வர்க்கி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டேன். அவருக்குக் கோபமில்லை. "சிரிங்க, சிரிங்க. விமானம்ங்கறது வேற ஒண்ணுமில்லீங்க. பத்தாயிரம் துளை. அதைச் சுத்திக் கொஞ்சம் தகடு, அவ்வளவுதான்."

கோவையில் மோட்டார் பம்ப் கம்பெனி டூல்ரூமில் முப்பது வருடத்துக்கு மேல் ஓட்டிவிட்டு, மனைவி பிறந்த ஊரான பெர்ன்ஹில்லில் வந்து உட்கார்ந்தவர். எனக்கு அவர் அண்ணா, அவர் மனைவி அக்கா. ஒரே ஒரு நிபந்தனையோடுதான் என்னை உள்ளே விட்டார்: "பேரு மட்டும் போட்றாதீங்க. பேரனை ஸ்கூல்ல பிளேன் தாத்தா பேரன்னு ஓட்டறாங்களாம்."

சொந்தக் கையால் விமானம் கட்ட நினைப்பவர்களுக்கென்றே அமெரிக்காவில் பயிற்சித் தகடுகள் விற்கிறார்கள். துளை போடு, ரிவெட் அடி, ஸ்குரூ மாட்டு, கெடுத்தால் தூக்கிப்போடு. அது கைக்கு வந்த பிறகுதான் இறக்கை, வால், உடம்பு. அண்ணா இப்போது இருப்பது முதல் படியில். நீலகிரியில் ஓடுதளமே கிடையாதே, கட்டினால் எங்கிருந்து பறப்பீர்கள் என்று கேட்டேன். "முதல்ல துளை சரியா வரட்டும். அப்புறம் கோயமுத்தூருக்கு லாரி வெச்சுக்கலாம்" என்றார். இந்த ஊருக்கு ரயிலே அப்படித்தான் வந்ததாம். 1908 செப்டம்பரில் குன்னூரிலிருந்து நீட்டிய தண்டவாளம் பெர்ன்ஹில்லோடு நின்றது. ஊட்டியை எட்ட இன்னும் ஒரு மாதம் ஆனது. "ஒரு மாசம் நம்ம ஊருதானுங்க கடைசி ஸ்டேஷன். பொறுமை இந்த மண்ணுல இருக்குது."

முதல் பரீட்சை, முதல் பல்பு

"அந்த டப்பாவுல இருக்கறது எட்டாம் நம்பர் ஸ்குரூ. அது நுழையற மாதிரி ஒரு பிட் எடுங்க பார்க்கலாம்."

இது ஒரு பரீட்சையா? ட்ரில் பிட்டுகள் வரிசையாகக் குத்தி நிற்கும் ஸ்டாண்டில் ஒவ்வொன்றின் காலடியிலும் நம்பர் பொறித்திருக்கிறது. எட்டைத் தேடி, உருவி, பெருமையாக நீட்டினேன்.

அண்ணா குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வாசலில் டீயோடு நின்ற அக்கா, "எல்லாரும் இதைத்தான் எடுப்பாங்க" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினார்.

எட்டாம் நம்பர் பிட்டால் துளை போட்டு அவரே ஸ்குரூவை உள்ளே விட்டார். கிணற்றில் விட்ட வாளி மாதிரி ஆடியது. ஸ்குரூவின் நம்பரும் பிட்டின் நம்பரும் ஒரே மொழி பேசுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிட்டில் நம்பர் ஏற ஏற சைஸ் இறங்கும். 1-ஆம் நம்பர் பிட் 0.228 அங்குலத் தடி. 80-ஆம் நம்பர் 0.0135 அங்குலம், தையல் ஊசியையே அண்ணன் என்று கூப்பிடும். ஸ்குரூவில் நேர் எதிர்: நம்பர் ஏற ஏறத் தடிமனும் ஏறும்.

லேத் பட்டறையில் ஓர் அங்குலத்தை ஆயிரமாக வெட்டி, அதில் ஒன்றை 'தௌ' என்பார்கள். நம் தலைமுடி ஒன்று சுமார் மூன்று தௌ. ஸ்குரூவின் நம்பரைத் தௌவாக மாற்ற அண்ணாவிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. நம்பரைப் பதிமூன்றால் பெருக்கு, அறுபதைக் கூட்டு. எட்டாம் நம்பரா? எட்டுப் பதிமூணு நூற்றி நாலு, அறுபதைச் சேர்த்தால் 164 தௌ. பத்தாம் நம்பர் 190. ஆறாம் நம்பர் 138. கைவிரலில் போட்டுவிடலாம்!

நான் எடுத்த எட்டாம் நம்பர் பிட்டோ 199 தௌ. ஸ்குரூவுக்கும் துளைக்கும் நடுவே 35 தௌ காலி. பத்துப் பன்னிரண்டு தலைமுடியைச் சுருட்டி அடைக்கலாம். "எட்டுக்கு எட்டு போடாதீங்க, அம்மணி. எட்டுக்குப் பத்தொம்போது." பத்தொன்பதாம் நம்பர் பிட் 166 தௌ. ஸ்குரூ வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் ஆடாது. நடுவில் இரண்டே தௌ.

சுவரில் இருந்த பஞ்சாங்கம்

சாக்பீஸ் கிறுக்கல் இப்போது படிக்க வந்துவிட்டது. சுவரில் இருந்ததை அப்படியே தருகிறேன்.

ஆறாம் நம்பர் ஸ்குரூவுக்கு 28-ஆம் நம்பர் பிட், 140.5 தௌ. எட்டுக்கு 19. விமானக்காரர்கள் ஏ.என். 3 என்று அழைக்கும் போல்ட்டுக்கு 12-ஆம் நம்பர், 189 தௌ. சின்ன ரிவெட்டுக்கு 40, பெரிய ரிவெட்டுக்கு 30.

ஏ.என். என்பது ஆர்மி–நேவி. அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த அளவு. அதற்குப் பின்னால் வரும் எண் எத்தனை பதினாறில் ஒரு பங்கு அங்குலம் என்பதைச் சொல்லும். ஏ.என். 3 என்றால் பதினாறில் மூன்று, ஏ.என். 4 என்றால் கால் அங்குலம். இதைக் கேட்டதும் அண்ணாவின் டூல்ரூம் மூளை உடனே நூல் கணக்குக்குத் தாவிவிடுமாம். அங்குலத்துக்கு எட்டு நூல். ஏ.என். 3 ஒன்றரை நூல். பெரிய ரிவெட் ஒரு நூல். சின்ன ரிவெட் முக்கால் நூல். "அமெரிக்காக்காரன் பின்னத்துல சொல்றான். நம்ம ஆசாரி எப்பவோ நூல்ல சொல்லிட்டாருங்க" என்று ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

கோவைக் கடைகளில் கிடைப்பது மில்லிமீட்டர் பிட் ஆயிற்றே? அதிலும் சிலது கச்சிதமாக வந்து உட்கார்கிறது. 2.5 மி.மீ. பிட்டும் 40-ஆம் நம்பரும் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். 4.8 மி.மீ.யும் 12-ஆம் நம்பரும் அப்படியே. 4.2 மி.மீ. எட்டாம் நம்பர் ஸ்குரூவை அழகாக ஏற்கும். 3.3 மட்டும் 30-ஆம் நம்பரைவிட ஒன்றரை தௌ பருமன். ஒன்றரை தௌவில் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன்.

அக்கா பதில் சொன்னார்: "ஓமப்பொடி அச்சுல முறுக்கு வருங்களா?"

ஆட்டம் ஏன் ஆகாது?

வீட்டில் அலமாரிக் கதவுக்குத் துளை கொஞ்சம் பெரிதானால் வாஷரைப் போட்டு முடுக்கிவிடுவோம். விமானம் அப்படி விடாது. சின்ன விமானங்களில் பரவலாக இருக்கும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,700 சுற்று வரை ஓடும். விநாடிக்கு 45 சுற்று. அந்த நடுக்கம் ஒவ்வொரு துளைக்குள்ளும் போய்க் கதவைத் தட்டும்.

இரண்டு தகடுகளை நாலு போல்ட் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். நாலு துளையும் இறுக்கமாக இருந்தால் இழுவையை நாலும் பங்கு போட்டுக்கொள்ளும். மூன்று தொளதொளவென்று இருந்தால், இறுக்கமாக இருக்கும் நாலாவதன் தலையில்தான் முழுப் பாரமும் விழும். கல்யாண வீட்டில் மூன்று மச்சான்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் பந்தி பரிமாறுவது போல! நாளடைவில் அந்தத் துளை வட்டத்தை விட்டு முட்டை வடிவுக்குப் போகும். முட்டையான துளை நல்ல துளை ஆகாது.

அதனால்தான் ஏ.என். 3 போல்ட்டுக்குத் துளை போடும்போது இடைவெளியே விடுவதில்லை. போல்ட்டின் உடம்பு அதிகபட்சம் 189 தௌ, பிட்டும் 189 தௌ. கட்டை விரலால் அழுத்தினால் போக வேண்டும். தானாக விழக் கூடாது. இன்னும் முக்கியமான இடமென்றால் கொஞ்சம் சின்னதாகத் துளைத்துவிட்டு, ரீமரைக் கையால் திருகி வட்டத்தை வழித்தெடுப்பார்கள்.

துளை எவ்வளவு பெரிது என்பதோடு எங்கே என்பதும் சேரும். தகட்டின் ஓரத்திலிருந்து துளையின் மையம் குறைந்தது இரண்டு விட்டம் தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. ஒன்றரை நூல் போல்ட்டுக்கு மூன்று நூல். அதற்குள் போனால் ஓரம் கிழியும். காது குத்தும் ஆசாரி மடலின் விளிம்புக்குப் போக மாட்டார் அல்லவா?

ஒரு மரை மட்டும் போதாது

எனக்கு அடுத்த சந்தேகம். தகட்டிலேயே மரை வெட்டி ஸ்குரூவை முடுக்கிவிட்டால் என்ன?

அண்ணா ஸ்குரூ டப்பாவின் மேலே எழுதியிருந்ததைக் காட்டினார்: 8-32. எட்டாம் நம்பர் பருமன், அங்குலத்துக்கு 32 மரை. பயிற்சித் தகட்டின் தடிமன் 32 தௌ. அங்குலத்தை 32-ஆல் வகுத்தால் 31 தௌ. அதாவது முழுத் தகட்டிலும் ஒரே ஒரு மரைதான் நிற்கும்! ஒரு மரையை நம்பி யார் பறப்பது?

எனவே தகட்டின் முதுகில் ஒரு குட்டி நட்டு குடியேறுகிறது. நட்பிளேட் என்று பெயர். நடுவில் மரை, இரு பக்கமும் காது, காதுக்கு ஒரு ரிவெட். எஞ்சின் மூடி, டேங்க் மூடி என்று அடிக்கடி கழற்ற வேண்டிய இடங்களிலெல்லாம் இது ஒளிந்திருக்கிறது. நடுக்கத்தில் ஸ்குரூ கழன்றுவிடாமல் இருக்க, நட்டின் வாயைக் கொஞ்சம் நசுக்கியே செய்திருப்பார்கள்.

இதைப் பொருத்தும் தந்திரத்தைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன். முதலில் நடுத்துளை, 19-ஆம் நம்பரில். பிறகு ஸ்குரூவைப் போட்டு நட்பிளேட்டைத் தகட்டோடு இறுக்குகிறார். இப்போது நட்பிளேட்டின் காதுத் துளையே அச்சு. அதன் வழியே 40-ஆம் நம்பர் பிட்டை விடுகிறார். ஒரு காது முடிந்ததும் அதில் ஒரு கிளீக்கோவைச் செருகிவிட்டு மறு காது. அளக்கவும் வேண்டாம், புள்ளி வைக்கவும் வேண்டாம்.

கிளீக்கோ என்றால்? ரிவெட் வரும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் ஸ்பிரிங் ஆணி. அளவுக்கு ஒரு நிறம். முக்கால் நூல் துளைக்கு வெள்ளி, ஒரு நூலுக்குச் செம்பு, ஒன்றேகால் நூலுக்குக் கறுப்பு, ஒன்றரை நூலுக்குப் பொன். தகடு முழுக்க வெள்ளியும் செம்புமாகக் குத்தி நிற்கையில் அலங்காரம் முடிந்த அம்மன் மாதிரி இருக்கிறது.

தலை தகட்டோடு படிந்து மறைய வேண்டிய ஸ்குரூவில் இன்னொரு பொறி. சாதாரண அமெரிக்க ஸ்குரூவின் தலைச் சரிவு 82 டிகிரி, மில்லிமீட்டர் ஸ்குரூவுக்கு 90, விமான ஸ்குரூவுக்கு 100. துளை சரியாக வந்தும் குழியின் கோணம் தப்பினால் தலை விளிம்பில் மட்டும் குந்தி நிற்கும். ஹார்டுவேர் கடை ஸ்குரூ விமானத்துக்கு ஏன் வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நான் போட்ட துளை

"நீங்க ஒண்ணு போடுங்க."

என் கை நடுங்கியதற்குக் குளிர் மட்டும் காரணமில்லை. கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயை அண்ணா திறந்துவிட்டார். சளசளவென்று தண்ணீர்! பெர்ன்ஹில் காற்றின் ஈரமெல்லாம் உள்ளே போய்த் தண்ணீராகிவிடுமாம். வடிக்காவிட்டால் அந்தக் காற்றில் ஓடும் ட்ரில் துருப்பிடிக்கும். வேலை முடிந்ததும் பிட்டுகளையும் அவர் எண்ணெய்த் தாளில் சுற்றி வர்க்கி டின்னில் பூட்டி வைக்கிறார். தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் படலத்தை உரித்தபின் மிஞ்சும் பசையைத் துடைக்க யூகலிப்டஸ் தைலம். தொழிற்சாலைக்குள் ஊட்டி மணக்கிறது.

தகட்டின் அடியில் மரக்கட்டை. சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி. முதலில் 40, பிறகு 30, கடைசியில்தான் 19. ஒரே மூச்சில் பெரிய பிட்டை விட்டால் மெல்லிய தகட்டில் துளை வட்டமாக வராது. மூன்று மூலையோடு பலாக்கொட்டை போல வரும். "அமுக்காதீங்க. பிட்டு தானாச் சாப்பிடும். ஊட்டி விடாதீங்க" என்றார் அண்ணா. நான் ஊட்டிவிட்டேன். கிரீச்! பிட் சாய்ந்தது. துளை பலாக்கொட்டை.

இரண்டாவது துளையில் ட்ரில்லைச் செங்குத்தாகப் பிடித்தேன். சுற்ற விட்ட பிறகே தகட்டைத் தொட்டேன். சுருள் சுருளாக அலுமினியம் வெளியே வந்தது. மறுபக்கம் விளிம்பில் விரலை அறுக்கும் பிசிறு. பெரிய பிட் ஒன்றை விரலால் பிடித்து, துளையின் வாயில் இரண்டு சுற்று சுற்றினால் பிசிறு போயிற்று. மூன்றாவது சுற்று வேண்டாம். தகடே 32 தௌதான், சுரண்டினால் மிச்சமிருக்காது. பிசிறை விட்டுவைத்தால் தகடுகள் ஒட்டி உட்காராது. துளையின் விளிம்பில் ஒரு கீறல் மிஞ்சினாலும் பிளவு அங்கிருந்துதான் கிளம்பும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் 1973-ல் தொடங்கிய வான்ஸ் ஏர்கிராஃப்ட், வீட்டில் கட்டும் விமானங்களில் உலகத்துக்கே பெரிய பெயர். அதன் பாகங்களில் சிலவற்றில் துளைகளை லேசரால் வெட்டினார்கள். ரிவெட்டின் தலை படியக் குழி அழுத்தும்போது அந்தத் துளைகளின் விளிம்பில் பிளவு கண்டது. பாகங்களை மாற்றித் தரும் சுமையும் வேறு நெருக்கடிகளும் சேர, 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு அதிலிருந்து மீண்டு வந்துவிட்டது. ஒரு துளையின் விளிம்பு அவ்வளவு பெரிய விஷயம்!

மிட்டாய்க்காரர் முதல் மாடிக்காரர் வரை

டீ ஆறுவதற்குள் அண்ணா தன் குலதெய்வங்களை அறிமுகப்படுத்தினார்.

முதலாமவர் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கியாகொமோ டி ஏஞ்சலிஸ். தொழில் மிட்டாயும் விருந்தும். 1909-ல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி அவரைத் தூங்கவிடவில்லை. சொந்தமாக ஒரு விமானத்தை வரைந்தார். குதிரை வண்டி கட்டிக்கொண்டிருந்த சிம்சன் பட்டறை அதைச் செய்து கொடுத்தது. பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஊர் பார்க்கப் பறந்தார். முறுக்கு அச்சை நன்றாக அறிந்த ஊரில் ஒரு மிட்டாய்க்காரர் விமானம் செய்தது பொருத்தம்தானே?

அடுத்தவர் கேரளத்துத் தொடுபுழாவின் சஜி தாமஸ். பிறவியிலேயே காது கேளாதவர், பேச முடியாதவர். அவர் கட்டிய சிறு விமானம் 2014-ல் பறந்து காட்டியது நம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாறில். அவர் கதையை ஒட்டித்தான் பிரித்விராஜ் நடித்த 'விமானம்' 2017-ல் வந்தது.

மும்பை கண்டிவலியில் விமானி அமோல் யாதவ் ஆறு பேர் உட்காரும் விமானத்தை அடுக்குமாடி மொட்டை மாடியிலேயே கட்டினார். 2016-ல் கண்காட்சிக்குக் கொண்டுபோக கிரேன் வைத்துக் கீழே இறக்கினார்கள். பதிவுச் சான்று கைக்கு வந்தது 2017-ல். ஆலப்புழையிலிருந்து இங்கிலாந்து போன பொறியாளர் அசோக் தாமரக்ஷன், கொரோனா ஊரடங்கில் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பாகங்களைக் கோத்து நாலு இருக்கை விமானம் கட்டி, மகள் பெயரை வைத்து, குடும்பத்தோடு ஐரோப்பா சுற்றினார். பக்கத்தில் நம் ஓசூரிலோ தனேஜா நிறுவனம் பார்ட்டனாவியா என்ற இத்தாலிய இரட்டை எஞ்சின் விமானத்தையே தயாரித்துக் காட்டியிருக்கிறது.

"இவங்க எல்லாரும் பறந்ததைத்தான் படம் புடிச்சாங்க. ஒருத்தராவது துளை போட்டதைப் புடிச்சாங்களா?" அண்ணாவின் குரலில் நிஜமான வருத்தம்.

போய் வருகிறேன்

கிளம்பும்போது என் இரண்டாவது துளையில் எட்டாம் நம்பர் ஸ்குரூவை விட்டுப் பார்த்தார். விரலால் தள்ள, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. ஆட்டிப் பார்த்தார். அசைவில்லை. பலாக்கொட்டைத் துளையைச் சாக்பீஸால் வட்டமிட்டு, "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. வலது பக்கம் பெருமைக்கு, இடது பக்கம் புத்திக்கு" என்று தகட்டைக் கையில் கொடுத்தார். அது இப்போது என் எழுதும் மேஜையில் இருக்கிறது.

நீங்கள் விமானம் கட்டப் போவதில்லை, சரி. வீட்டுக் கதவுக்கோ சைக்கிள் மட்கார்டுக்கோ ஒரு நாள் துளை போடத்தான் போகிறீர்கள். அன்று ஸ்குரூவின் நம்பரைப் பார்த்துப் பிட்டை எடுக்காதீர்கள். ஸ்குரூவின் உடம்பை வெர்னியரில் அளங்கள், பிட்டையும் அளங்கள். சின்னதில் தொடங்கிப் பெரிதுக்குப் போங்கள். முதல் துளையை எதற்கும் உதவாத ஒரு துண்டுத் தகட்டில் போட்டு ஸ்குரூவை விட்டுப் பாருங்கள். சின்னத் துளையை எப்போது வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். பெரிய துளையைச் சின்னதாக்கும் பிட்டை இன்னும் எவரும் செய்யவில்லை.